இரட்டைப்படைக் குளம்பிகள்: வகைப்பாட்டின் வரலாறு

இரட்டைப்படைக் குளம்பிகள் என்பவை பாலூட்டி வகுப்பைச் சேர்ந்த ஒரு வரிசை ஆகும். மாடு, ஆடு, மான், ஒட்டகச்சிவிங்கி, ஒட்டகம், பன்றி, நீர்யானை ஆகியவை இதில் அடங்கும். குளம்போ பின்னங்காலோ இல்லாத திமிங்கிலங்களும் ஓங்கில்களும் இதே மரபில் தோன்றியவை என்று இன்று ஏற்கப்பட்டுள்ளது. இந்த முடிவை எட்ட ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆயின.

பெயரின் பொருள்

இப்பெயர் விரல்களின் எண்ணிக்கையைச் சுட்டினாலும், உண்மையான அடையாளம் உடல் எடை தாங்கப்படும் முறையே ஆகும். இவ்விலங்குகளில் மூன்றாம், நான்காம் விரல்கள் எடையைச் சமமாகத் தாங்குகின்றன. குதிரை, காண்டாமிருகம் முதலிய ஒற்றைப்படைக் குளம்பிகளில் நடுவிரலே முதன்மையாகத் தாங்குகிறது. டாபிர் என்னும் விலங்கின் முன்னங்காலில் நான்கு விரல்கள் இருந்தும் அது ஒற்றைப்படைக் குளம்பியாகவே கருதப்படுவது இதனால்தான்.

தொடக்கக்கால வகைப்பாடு

சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1735இல் திமிங்கிலங்களை மீன்களுடன் சேர்த்தார். 1758இல் வெளியான பத்தாம் பதிப்பில் அவற்றைப் பாலூட்டிகளாக மாற்றினார். அதே பதிப்பில் மாடு, ஆடு, மான், ஒட்டகம் ஆகியவை ஒரு வரிசையிலும், நீர்யானை குதிரையுடன் மற்றொரு வரிசையிலும், பன்றி முள்ளெலி போன்றவற்றுடன் வேறொரு வரிசையிலும் இருந்தன. பின்னர் பிரான்சின் குவியே யானை, காண்டாமிருகம், நீர்யானை, பன்றி ஆகியவற்றைத் தடித்த தோலின் அடிப்படையில் ஒரே பிரிவாக்கினார்.

1816இல் பிளேன்வில் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் விரல் அமைப்பின்படி குளம்பிகளை இரண்டாகப் பிரித்தார். 1848இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு ஓவன் அப்பிரிவுகளுக்கு இன்றும் வழங்கும் 'ஆர்ட்டியோடாக்டைலா', 'பெரிசோடாக்டைலா' என்னும் பெயர்களைச் சூட்டினார். இதனால் பன்றியும் நீர்யானையும் மாட்டுடன் ஒரே வரிசைக்கு வந்தன.

கணுக்கால் எலும்பு

தொல்லுயிர் ஆய்வில் விரல்களை விட உறுதியான சான்றாக அமைந்தது கணுக்காலில் உள்ள ஒரு சிறிய எலும்பு. இவ்வரிசை விலங்குகளில் அதன் மேல்முனை, கீழ்முனை இரண்டும் கப்பி போல வளைந்திருக்கும். இதனால் பாதம் முன்னும் பின்னும் எளிதாக மடங்கும், பக்கவாட்டில் பிசகாது. ஓடுவதற்கு ஏற்ற அமைப்பு இது. சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இயோசீன் காலத்தின் தொடக்கத்தில் வாழ்ந்த, முயலளவே இருந்த டயாகோடெக்சிஸ் என்னும் விலங்கிலும் இந்த இரட்டைக் கப்பி காணப்படுகிறது.

திமிங்கிலம் பற்றிய விவாதம்

திமிங்கிலங்கள் குளம்பிகளுடன் தொடர்புடையவை என்று 1883இல் வில்லியம் ஃபிளவர் கருத்துரைத்தார். 1950இல் பாய்டன், ஜெமராய் ஆகியோர் குருதிப் புரதங்களை ஒப்பிட்டு, இரட்டைப்படைக் குளம்பிகளே திமிங்கிலங்களுக்கு நெருங்கியவை என்றனர். ஆனால் 1966இல் வான் வேலன், பற்களின் ஒற்றுமையைக் கொண்டு, மெசோனிக்கிடுகள் எனப்படும் அழிந்துபோன ஊனுண்ணிகளே திமிங்கிலங்களின் முன்னோர் என்று முன்வைத்தார். தொல்லுயிரியலாளர் பலர் இதை ஏற்றனர்.

1990களில் மரபணு ஆய்வுகள் இதற்கு மாறான முடிவைத் தந்தன. திமிங்கிலங்களின் மிக நெருங்கிய உறவு நீர்யானை என்றும், பன்றியை விடத் திமிங்கிலமே நீர்யானைக்கு அணுக்கமானது என்றும் அவை காட்டின. மரபணுவும் பற்களும் வெவ்வேறு விடை தந்த இந்நிலையில், தொடக்கக்காலத் திமிங்கிலத்தின் கணுக்கால் எலும்பு கிடைத்தால் மட்டுமே தீர்வு பிறக்கும் என்ற நிலை உருவானது.

2001இல் அது பாகிஸ்தானில் கிடைத்த புதைபடிவங்கள் வழியாக வெளிப்பட்டது. தெவிசன் குழுவினர் பாக்கிசீட்டஸ் முதலியவற்றின் எலும்புகளையும், கிங்கெரிச் குழுவினர் ரோடோசீட்டஸ், ஆர்ட்டியோசீட்டஸ் ஆகியவற்றின் எலும்புகளையும் தனித்தனியே விவரித்தனர். கால்களுடன் வாழ்ந்த அந்தப் பழந்திமிங்கிலங்களின் கணுக்காலில் இரட்டைக் கப்பி இருந்தது. மெசோனிக்கிடுகளில் அது இல்லை. அதுவரை மெசோனிக்கிடு கருத்தை ஆதரித்த கிங்கெரிச், இச்சான்றைக் கண்டு தம் நிலையை மாற்றிக்கொண்டார்.

காஷ்மீரின் இண்டோஹியுஸ்

இந்திய நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் சேகரித்த புதைபடிவங்களைக் கொண்டு 1971இல் இண்டோஹியுஸ் என்ற சிறு விலங்கிற்குப் பெயரிட்டார். அவர் சேகரித்த பாறைகளில் பல உடைக்கப்படாமலே இருந்தன. அவரது மறைவுக்குப் பின் அவை தெவிசனிடம் சேர்ந்தன. அவற்றிலிருந்து எடுத்த மண்டையோட்டில், நடுச்செவியைச் சூழ்ந்த எலும்பின் உட்சுவர் தடித்திருந்தது. அது திமிங்கிலங்களின் தனி அடையாளமாகக் கருதப்பட்டு வந்த பண்பு. கால் எலும்புகளும் நீர்யானையுடையவை போல அடர்ந்திருந்தன. நீரில் நடந்து வாழ்ந்ததை இது உணர்த்துகிறது. 2007இல் இம்முடிவுகள் வெளியாயின. சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இவ்விலங்கின் குடும்பம் திமிங்கிலங்களின் மிக நெருங்கிய உறவாக முன்வைக்கப்பட்டது.

இன்றைய வகைப்பாடு

தற்போது இவ்வரிசையின் வாழும் இனங்கள் நான்கு பிரிவுகளாகக் கொள்ளப்படுகின்றன:

- ஒட்டகமும் லாமாக்களும்
- பன்றிகளும் பெக்காரிகளும்
- சருகுமான், மான், ஒட்டகச்சிவிங்கி, மாடு, ஆடு முதலிய அசைபோடுபவை
- நீர்யானைகளும் திமிங்கிலங்களும்

ஒட்டகமும் அசைபோடும் என்றாலும் அது மாட்டின் பிரிவில் சேராது. அதன் மரபு மிக முன்னரே பிரிந்துவிட்டது. நீர்யானை திமிங்கிலத்திலிருந்து தோன்றியதும் அன்று, திமிங்கிலம் நீர்யானையிலிருந்து தோன்றியதும் அன்று. இரண்டும் பொது முன்னோரைக் கொண்டவை.

திமிங்கிலங்களையும் உள்ளடக்கிய இவ்வரிசையைச் சிலர் 'செட்டார்ட்டியோடாக்டைலா' என்று அழைக்கின்றனர். ஓவன் இட்ட பழைய பெயரையே விரிந்த பொருளில் வழங்குவோரும் உள்ளனர்.