மதிலில் இருக்கும் பெயர்கள்

முதுகுப் பையோடு ஜெர்மனியின் ரோத்தன்பர்க் போயிருந்தேன். ஊரைச் சுற்றியுள்ள மதில்மேல் நடந்தால், சிவப்பு ஓட்டு வீடுகள் பல நூறு வருஷமாய் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். உண்மையில், 1945 மார்ச் 31 அன்று அமெரிக்கக் குண்டுவீச்சில் ஊரில் சுமார் 40 சதவீதம் அழிந்தது. மதிலைத் திரும்பக் கட்ட உலகெங்கும் இருந்து பணம் வந்தது. கொடுத்தவர்கள் பெயர்கள் மதிலில் வரிசையாக இருக்கின்றன. படித்துக்கொண்டே நடந்தேன்.

கீழே இறங்கினால் யூதர் தெரு. 1520-இல் ஒருமுறை, 1938-இல் மறுமுறை, யூதர்களைத் துரத்திய ஊர் இது. தெருவுக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

வெளியூரில் வாடகை வீட்டில் இருக்கும் நமக்கு அந்தத் தெருவைச் சும்மா தாண்டிப் போக முடியாது. போனால் இரண்டையும் பாருங்கள்.