பனிக்கடலும் வன்னிக் காடும்

ஆண்டுதோறும் கோடை பிறந்ததும், நோர்வேக்கு வடக்கே கிடக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தையும், கிறீன்லாந்தின் கரைகளையும், கனடாவின் வடமேற்குக் கடல்வழியையும் நோக்கிப் பயணக் கப்பல்கள் புறப்படுகின்றன. நூறு அல்லது இருநூறு பேர் செல்லும் கப்பல்களே அவற்றுட் பல. பயணிகள் றப்பர்ப் படகுகளில் ஏறிப் பனிப்பாறைகளுக்கிடையே செல்கின்றனர். தொலைநோக்கி வழியாகத் துருவக் கரடியைக் காண்கின்றனர். கரையிற் படுத்துறங்கும் வால்ரஸ் கூட்டத்தைப் படம் பிடிக்கின்றனர். மாலையில் அறிஞர் ஒருவரின் சொற்பொழிவைக் கேட்டு உறங்கச் செல்கின்றனர். இத்தகைய பயணமொன்றுக்கு ஒருவர் செலுத்தும் பணம், நம் நாட்டு ஆசிரியர் ஒருவரின் பல ஆண்டுச் சம்பளம்.

இதனை வன்னியில் இருந்துகொண்டு நாம் ஏன் பேசவேண்டும்? பனியைக் கண்ணாற் காணாத மக்களுக்கும் பனிக்கடலுக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. அது நானூறு ஆண்டுப் பழமை உடையது. ஐரோப்பியர் அந்தப் பனிக்கடலுக்குள் முதலிற் புகுந்ததன் நோக்கங்களுள் முதன்மையானது, நாம் வாழும் இந்தக் கீழைத் தேசங்களுக்கு வழி காண்பதேயாகும்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் தென்கடல் வழி போர்த்துக்கேயரின் பிடியில் இருந்தது. அவர்களோடு மோதாமல் மிளகும் கறுவாவும் பட்டும் கொண்டுவர ஒல்லாந்த வணிகர் விரும்பினர். ஐரோப்பாவின் வடமுனையைச் சுற்றிக் கிழக்கே போனால் சீனத்தையும் இந்தியத் தீவுகளையும் அடையலாம் என அவர்கள் நம்பினர். 1594இலும் 1595இலும் முயன்று தோற்றபின், 1596இல் அம்ஸ்ரடாம் நகரம் மீண்டும் இரு கப்பல்களை அனுப்பியது. வழியைக் கண்டுபிடிப்போருக்கு 25,000 கில்டர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. வில்லெம் பரென்ட்ஸ் வழிகாட்டி. ஜேக்கப் வான் ஹேம்ஸ்கேர்க் தலைவருள் ஒருவர். வழியில் ஒரு தீவருகே வெண்கரடி ஒன்றைக் கொன்றனர். அத்தீவுக்குக் கரடித்தீவு என்றே பெயரிட்டனர். அவ்வாண்டு யூன் மாதத்தில் ஸ்பிற்ஸ்பேர்கனைக் கண்டனர். பின்னர் நோவயா செம்லியாத் தீவின் கரையிற் கப்பல் பனிக்குள் இறுகியது. பதினேழு பேர், ஒதுங்கிக் கிடந்த மரங்களாலும் கப்பற் பலகைகளாலும் குடிசையொன்று கட்டி, ஞாயிறு தோன்றாத அந்த நெடிய மாரியைக் கழித்தனர். 1597 யூனில், திறந்த படகில் மீளும் வழியில் பரென்ட்ஸ் இறந்தார். அம்ஸ்ரடாமுக்கு உயிரோடு மீண்டவர் பன்னிருவர்.

அந்தக் குடிசையை 1871இல் நோர்வே மாலுமி ஒருவர் கண்டுபிடித்தபோது, கீழைத் தேசத்தில் விற்பதற்கெனக் கொண்டுசென்ற அச்சுப்படக் கட்டுகள் பனியில் உறைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. துருவ ஆய்வின் வீரக்கதை என நாம் படிப்பதன் அடியில் இருந்தது ஒரு சந்தைக் கணக்கு என்பதற்கு அந்தக் கட்டுகளே சான்று. மாலுமிகளின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. துணிவு அவர்களுடையது, இலாபம் வேறொருவருடையது.

உயிர் தப்பிய ஹேம்ஸ்கேர்க்கின் பிற்கால வரலாறு இன்னும் மனங்கொள்ளத்தக்கது. பனிவழி மூடப்பட்டதும் அவர் தென்வழியாற் கிழக்கே வந்தார். 1603இல் சிங்கப்பூருக்கு அண்மையில் சாந்தா கத்தரினா என்ற போர்த்துக்கேயக் கப்பலைக் கைப்பற்றினார். அதன் சரக்கு முப்பது இலட்சம் கில்டருக்கு மேல் விலைபோயிற்று. இக்கொள்ளையை நியாயப்படுத்தக் கம்பனி நாடிய இளம் சட்ட அறிஞரே ஹூகோ குரோஷியஸ். ‘கடல் யாவருக்கும் பொது’ என்னும் அவரது வாதம் 1609இல் நூலாக வெளிவந்தது. அதே ஆண்டில் கம்பனி ஹென்றி ஹட்சனை மீண்டும் வடகடலுக்கு அனுப்பி, பனியிடம் தோற்றது.

கடல் யாவருக்கும் பொது என்று வாதிட்ட அதே கம்பனி, 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் என்ன செய்தது? கறுவா தனக்கே உரியது என்றது. மன்னார் முத்துக்குளிப்பு தனக்கே என்றது. யானை வணிகமும் தனக்கே என்றது. ஆள்பவனுக்கு வழி இல்லாத இடத்திற் கடல் பொது. வழி கிடைத்த இடத்தில் அது தனிச்சொத்து. சட்டத்தின் வர்க்க இயல்பை மாணவருக்கு விளக்க இதனினும் தெளிவான பாடம் வேறில்லை.

இனி, வடக்கே பனிக்கடலில் நிகழ்ந்ததைக் காண்போம். கீழைத் தேசத்து வழி கிடைக்கவில்லை. ஆனால் திமிங்கிலம் கிடைத்தது. ஸ்பிற்ஸ்பேர்கன் குடாக்களில் திமிங்கிலங்கள் நிறைந்திருக்கும் செய்தியை 1607இல் ஹட்சன் கொண்டுவந்தார். 1611இல் ஆங்கிலேயர் வேட்டையைத் தொடங்கினர். 1614இல் ஒல்லாந்தர் இதற்கெனவே ‘வடக்குக் கம்பனி’யை அமைத்தனர். எறியீட்டி வீசத் தேர்ந்த பாஸ்க் இனத் தொழிலாளரைக் கூலிக்கு அமர்த்தினர். அம்ஸ்ரடாம் தீவின் கரையில் ஸ்மேரன்பேர்க் என்ற குடியிருப்பு எழுந்தது; ‘கொழுப்பூர்’ என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். அங்கு செப்புக் கொப்பரைகளில் திமிங்கிலக் கொழுப்பு உருகியது. அந்த எண்ணெய் ஐரோப்பிய நகரங்களில் விளக்காக எரிந்தது, சவர்க்காரமாக நுரைத்தது. வாயிலுள்ள நார்த்தகடுகள் சீமாட்டிகளின் இடையை இறுக்கும் கச்சுகளாயின. சில பத்தாண்டுகளில் குடாக்களில் திமிங்கிலம் அருகிப்போயிற்று. 1660ஆம் ஆண்டளவில் ஸ்மேரன்பேர்க் கைவிடப்பட்டது. வேட்டை நிற்கவில்லை, பனிவிளிம்பை நோக்கி நகர்ந்தது. பல்லாயிரக்கணக்கில் அக்கடலில் உலாவிய அந்த வில்தலைத் திமிங்கிலங்கள் ஈற்றில் அழிவின் விளிம்பை அடைந்தன. அந்தக் கொழுப்படுப்புகளின் எச்சத்தைத்தான் இன்றைய பயணிகள் கரையிறங்கிப் பார்த்து வந்துள்ளனர்.

வடக்கே திமிங்கிலம் கொப்பரையில் உருகிய அதே நூற்றாண்டில், தெற்கே வன்னிக் காட்டு யானை கம்பனியின் கணக்கேட்டில் ஏறியது. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி முதலிய பற்றுகளின் வன்னியர் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தவேண்டியிருந்தது. யாழ்ப்பாணக் கொமாண்டராயிருந்த ஸ்வார்டக்குறூன் 1697இல் எழுதிவைத்த அறிக்கை, திறைப்பாக்கி பற்றிய முறைப்பாடுகளைக் கொண்டது. பிடிபட்ட யானைகள் பரவைக்கடலைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட இடத்துக்கு ஆனையிறவு என்ற பெயர் நிலைத்தது. ஊர்காவற்றுறையிலிருந்து அவை கப்பலேறி இந்தியக் கரைகளுக்குப் போயின. காட்டிலே உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தவன் வேறு. ஏலத்தில் இலாபம் கண்டவன் வேறு. திறை கொடாத வன்னிமைகள் மீது படை வந்தது. ஒல்லாந்தரின் பின் வந்த ஆங்கிலேயருக்கும் வன்னி எளிதில் அடங்கவில்லை. 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியிற் கற்சிலைமடுவில் தோற்றதும் நாம் அறிந்த வரலாறு.

ஆங்கிலேயர் காலத்தில் யானை வணிகப் பொருளாகவும் மதிக்கப்படவில்லை, ஒழிக்கப்படவேண்டிய தொல்லையாயிற்று. தலைக்குச் சில சிலிங் பரிசு அறிவிக்கப்பட்டது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டதெனக் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் எழுதிவைத்துள்ளார். இன்று கமக்காரனின் பயிரை யானை அழிக்கிறது, யானையை மனிதன் கொல்கிறான் என்று செய்தி படிக்கும்போது, இந்தப் பகையின் கணக்கேட்டை முதலில் திறந்தவர் யார் என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும்.

இன்னோர் உதாரணம். மன்னார்க் கடலிலும் பாக்குநீரிணையிலும் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவை நம் மீனவர் அறிவர். அதன் உறவினமான மாபெரும் கடற்பசு ஒன்று வட பசிபிக்கின் குளிர்நீரில், பேரிங் தீவைச் சுற்றி வாழ்ந்தது. 1741இல் பேரிங்கின் கப்பல் அங்கே உடைந்தபோது ஸ்ரெல்லர் என்ற அறிஞர் அதனைக் கண்டு விவரித்தார். மென்மயிர்த் தோல் வேட்டைக்காரர் அதனைக் கொன்று தின்றனர். 1768ஆம் ஆண்டளவில் அந்த இனமே இல்லாதொழிந்தது. அறிவியல் அதனைக் கண்டதற்கும் அது அழிந்ததற்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகளே. எஞ்சிய உறவினம் நம் கடலில் இருக்கிறது. அதன் விதி நம் கையில் இருக்கிறது.

பயண விளம்பரங்கள் ‘மனித காலடி படாத தொலைதூரம்’ என்ற சொல்லாற் பனிநாட்டை வருணிக்கின்றன. யாருக்குத் தொலைவு? இனுயிற் மக்களுக்கு அது வீடு. 1845இல் வடமேற்குக் கடல்வழி தேடிச் சென்ற பிராங்க்ளினும் அவரது குழுவினரும் 129 பேரும் மாண்டனர். அவர்களின் கப்பல்கள் எங்கே மூழ்கின என்ற செய்தி இனுயிற் வாய்மொழியில் வழங்கிவந்தது. அவ்வறிவின் துணையோடுதான் 2014இலும் 2016இலும் அக்கப்பல்கள் கண்டெடுக்கப்பட்டன. காட்டுமிராண்டிகளின் கதை எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து இகழ்ந்த சொல்லே ஈற்றில் மெய்யாயிற்று.

அம்மக்களுக்கு நேர்ந்ததை நாம் இலகுவில் விளங்கிக்கொள்வோம். 1953இலும் 1955இலும் கனேடிய அரசு, கியூபெக்கின் வடகரையிலிருந்த இனுயிற் குடும்பங்களை ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் வடக்கே கொண்டுபோய்க் குடியேற்றியது. நல்ல வேட்டை, திரும்பிவர உரிமை என்று சொல்லப்பட்டது. அங்கே பழகிய உணவும் இல்லை. மாதக்கணக்கில் வெளிச்சமும் இல்லை. திரும்பிவரும் உரிமையும் நிறைவேறவில்லை. ஆட்டிக்கின் மீது தன் ஆட்சியுரிமையை நாட்ட அரசு அவர்களைக் கொடிக்கம்பமாக்கியது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. 2010இல் அரசு மன்னிப்புக் கோரியது. ரெசொலூற், கிறைஸ் பியோர்ட் என்னும் அந்தக் குடியேற்றங்களில் இன்று பயணக் கப்பல்கள் தரிக்கின்றன. இடம்பெயர்ந்து வாழ்வதன் பொருளை வன்னி மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. பிறர் பார்வைக்குக் காட்சிப்பொருளாவதன் பொருளையும் கற்பிக்கத் தேவையில்லை. 2009க்குப் பின் வந்த ஆண்டுகளில், கிளிநொச்சியில் சாய்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கப் பேருந்துகள் வந்தன; அருகில் நினைவுப்பொருட் கடையும் இருந்தது. பார்த்தவர்கள் படம் எடுத்துச் சென்றனர். பக்கத்து வீட்டின் கூரை எங்கே என்று கேட்டவர் எத்தனை பேர்?

இக்காலப் பயணங்களின் முன்னோடி, சுவீடனிற் பிறந்த லார்ஸ் எரிக் லின்ட்பிளாட். 1966இல் அவர் சாதாரணப் பயணிகளைத் தென்துருவக் கரைக்கு அழைத்துச் சென்றார். 1969இல் அதற்கெனவே கட்டப்பட்ட அவரது கப்பல், 1984இல் வடமேற்குக் கடல்வழியைக் கடந்தது. அமுண்ட்சன் 1903 முதல் 1906 வரை மூன்று மாரிகளைக் கழித்துக் கடந்த வழி அது. 2016இல், பயணிகளும் பணியாளருமாய் ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் ஓர் உல்லாசக் கப்பல் சில வாரங்களில் அதனைக் கடந்துவிட்டது. கப்பல் திறமை பெற்றது மட்டும் காரணமன்று, பனி உருகிவிட்டது. ஆட்டிக் பிரதேசம் 1979 முதல் உலகின் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்து வருவதாக 2022இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. 2012 செப்ரெம்பரில் கடற்பனி 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகச் சுருங்கியது; செய்மதி அளவீடு தொடங்கிய பின் அதுவே மிகக் குறைந்த பரப்பு. உருகும் பனியைப் பார்க்க எண்ணெய் எரித்துச் செல்வதும், அந்த எண்ணெயின் புகை மேலும் பனியை உருக்குவதும் இக்காலத்தின் முரண்பாடு.

எனினும் ஒருபக்கத் தீர்ப்பு வழங்குதல் நேர்மையன்று. கொன்று விற்பதைவிடக் கண்டு வியப்பது மேலானது. ஸ்வால்பார்ட்டில் வால்ரஸ் 1952 முதலும், துருவக் கரடி 1973 முதலும் சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ளன. வால்ரஸ்கள் மீண்டும் பெருகி வருகின்றன. பயணத்துக்கும் கடிவாளம் உண்டு. 2018இல் பயணக் கப்பலொன்றின் காவலரைத் தாக்கிய கரடி சுடப்பட்டபோது உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 2025 தொடக்கம் அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு 200க்கு மேற்பட்ட பயணிகளுடன் கப்பல் செல்ல முடியாது. குறித்த 43 இடங்களிலேயே இறங்கலாம். கரடிக்கு 300 மீற்றருக்குள் நெருங்கலாகாது, இளவேனிற் காலத்தில் 500 மீற்றர். இவை நல்ல சட்டங்கள். ஆனால் கப்பலில் ஏறியவனின் நடத்தையை மட்டுமே இவை திருத்துகின்றன. அக்கப்பலை உருவாக்கிய செல்வம் எங்கிருந்து வந்தது, அதன் புகையின் விலையை யார் கொடுக்கிறார் என்று இவை கேட்பதில்லை.

அந்த விலையில் ஒரு பங்கு நம்முடையது. பனிநாட்டிலிருந்து நம்மிடம் ஆண்டுதோறும் வருவோர் உளர். அவர்களுக்குக் கப்பலும் இல்லை, கட்டணமும் இல்லை. சைபீரியாவின் துருவச் சமவெளியில் குஞ்சு பொரிக்கும் வளைமூக்கு உள்ளான்களும் சிறிய உள்ளான் இனங்களும் மாரிகாலத்தில் நம் வடகரைக் களப்புகளுக்கு வந்து சேறு கிளறி இரை தேடுகின்றன. கொக்கிளாய் 1951இல் பறவைச் சரணாலயமாயிற்று. சுண்டிக்குளம் 1938இற் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. அங்கே பனி குலைந்தால் இங்கே களப்பிற் பறவை குறையும். இங்கே களப்பு அழிந்தால் அங்கே கூடு வெறுமையாகும். ஆகவே பனிக்கடல் நமக்கு அந்நியமன்று.

களப்பைக் காக்கவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அக்களப்பில் தலைமுறையாக இறாலும் மீனும் பிடித்து வாழும் குடும்பத்தையும், காடென்று வரைபடத்திற் குறிக்கப்பட்ட நிலத்தில் தன் பழைய வயல் உண்டென முறையிடும் கமக்காரனையும் கேளாமல் எழுதப்படும் பாதுகாப்பு, கம்பனியின் பழைய கணக்கேட்டின் புதிய பக்கமாகிவிடும். நாளை சுண்டிக்குளத்துக்கும் தொலைநோக்கியோடு பயணிகள் வரலாம், வரட்டும். படகோட்டுபவன் கூலியாளாகவா, அந்த நீரின் உரிமையாளனாகவா நிற்பான் என்பதே கேள்வி.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஸ்பிற்ஸ்பேர்கனையும் ஆனையிறவையும் ஒரு கோட்டால் இணைத்துக் காட்டுங்கள். அந்தக் கோட்டின் வழியே வழிதேடிச் சென்ற மாலுமியும், எறியீட்டி வீசிய கூலியாளும், யானை பிடித்த வன்னிக் குடிமகனும், குடிபெயர்க்கப்பட்ட இனுயிற் தாயும் நிற்கின்றனர். கண்டுபிடிப்பின் வரலாற்றை இவர்களின் பெயரால் மாணவர் மீண்டும் எழுதிப் பார்க்கட்டும். நம் களப்பைப் பற்றி எடுக்கப்படும் அடுத்த முடிவில் யாருடைய குரல் இருக்கவேண்டும் என்பதை அவர்கள் அப்பொழுது தாமே சொல்வர்.