கூடி ஆராய்ந்த துறை

தேக்காவின் அருகே தொடங்கும் புக்கிட் தீமா சாலை, பழைய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக வளாகத்தைக் கடந்து, மேல் புக்கிட் தீமா சாலை என்னும் பெயருடன் புக்கிட் பாஞ்சாங்கை அடைகிறது. தோட்டங்களும் கருங்கல் குவாரிகளும் சூழ்ந்திருந்த அத்தொகுதியில், 1963 செப்டம்பர்த் தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் லீ கூன் சோய், பாரிசான் சோசலிஸ் வேட்பாளரிடம் தோற்றார். மொத்தம் 51 இடங்களில் 37ஐ வென்ற கட்சி இத்தகைய தொகுதியை ஏன் இழந்தது? அரசியல் அறிஞர்க்கு இதனினும் நல்ல வினா வாய்ப்பது அரிது.

அவ்வினாவை ஆராயத்தக்க துறை அதே சாலையில்தான் இருந்தது. 1961இல் தோன்றிய அரசியல் அறிவியல் துறையின் தொடக்கக் கால ஆசிரியர்கள் கே.ஜே. ரத்தினமும் ஆர்.எஸ். மில்னும் ஆவர். ரத்தினம் மலாயாவின் இனவழி அரசியலை நன்கறிந்தவர். அதுபற்றிய அவரது நூல் 1965இல் வெளிவந்தது. மில்னோ இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாக்காளரிடையே கள ஆய்வு செய்து பழகியவர். ஒருவர் மண்ணை அறிந்தவர்; மற்றவர் முறையை அறிந்தவர். இருவரும் இணைந்து 1964ஆம் ஆண்டு மலாயாத் தேர்தலை ஆராய்ந்தனர். தீபகற்பத்தில் போட்டியிட்ட மக்கள் செயல் கட்சிக்கு அத்தேர்தலில் கிடைத்தது ஒரே ஓர் இடம். அப்போட்டி மூட்டிய கசப்பு பிரிவினைக்கு வழிகோலிய காரணங்களுள் ஒன்று. நூல் 1967இல் அச்சேறியபோது சிங்கப்பூர் தனி நாடாகி ஈராண்டுகள் ஆகியிருந்தன!

அடுத்த தலைமுறையினர் தத்தமக்கென ஒரு புலத்தைத் தேர்ந்தனர். சியா சீ மியாவ் சமூக நிலையங்களின் அரசியல் பங்கை 1973இல் நூலாக்கினார். ஜான் குவா அரசு ஊழியத்தை ஆராய்ந்தார். சான் ஹெங் சீ 1975இல் எழுதிய கட்டுரையில், நிருவாகமே அனைத்தையும் நடத்தும் நாட்டில் அரசியல் எங்கே போயிற்று என்று வினவினார். ஆளுங்கட்சி ஒன்றே மன்றம் முழுவதும் நிறைந்திருந்த காலத்தில் அவ்வாறு எழுதத் துணிவு வேண்டும். 1985இல் இம்மூவரும் சேர்ந்து பதிப்பித்த சிங்கப்பூர் அரசாங்கமும் அரசியலும் பற்றிய தொகுப்பு, தனியொருவரால் ஆகக்கூடியதன்று.

ஈராண்டு கழித்து, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரான சி. ராஜரத்தினத்தின் உரைகளையும் எழுத்துகளையும், சானும் அவருடன் பணியாற்றிய ஓபைத் உல் ஹக்கும் தொகுத்து வெளியிட்டனர். அரசியல் எங்கே என்று கேட்ட சான், 1996 முதல் 2012 வரை வாஷிங்டனில் சிங்கப்பூரின் தூதராகப் பணியாற்றினார்.