128 பைட்டும் இணைப்புத் தாளும்

அரசுப் படிவத்தில் கட்டம் போதாவிட்டால் ‘இணைப்புத் தாள் காண்க’ என்று எழுதி, தனித்தாளைச் சேர்த்துக் கட்டுவோம். கணினிக்காரர்களும் இதையேதான் செய்தார்கள்.

1974-இல் கேரி கில்டால் எழுதிய சி.பி./எம். இயங்குதளத்தில், கட்டளைக்குப் பின்னால் வரும் விவரங்களுக்கு 128 பைட் இடம்தான். அன்றைய எட்டு அங்குல ஃபிளாப்பியில் ஒரு செக்டரின் அளவு அது. 1981-இல் வந்த எம்.எஸ்.-டாஸ் அதே ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. வட்டு மாறியது, அளவு மாறவில்லை.

யூனிக்ஸில் எழுதிய நிரல் நூலகங்களை டாஸுக்குக் கொண்டுவந்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். எந்த டைரக்டரியில் தேட வேண்டும், எதை வரையறுக்க வேண்டும் என்று கம்பைலருக்கு ஒவ்வொன்றாகச் சொல்வதற்குள் இடம் தீர்ந்துவிடும். பல கோப்புகளைச் சேர்க்கும் லிங்கருக்கோ கேட்கவே வேண்டாம். ஆகவே விவரம் முழுவதையும் ஒரு கோப்பில் எழுதிவைத்து, கட்டளையில் ‘@’ குறியும் அந்தக் கோப்பின் பெயரும் மட்டும் கொடுத்தார்கள். இணைப்புத் தாளேதான்!

விண்டோஸில் இன்று ஒரு நிரலைத் தொடங்கும் கட்டளைக்கு எல்லை 32,767 எழுத்து. பெரிய நூலகங்களுக்கு அதுவும் போதாமல் போகிறது. ஜி.சி.சி. கம்பைலரும் ‘@’ கோப்பை ஏற்கிறது.

காரணம் மறைந்த பின்னும் விதி நின்றுவிடும். கோப்புகளோடு காலம் கழித்த நமக்கு இது புதிதா என்ன?