கல்வெட்டு முதல் கல்லூரி வரை: காவிரி நாட்டில் இசை மாணாக்கர்க்கு வகுத்த நெறிகள்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த ஆவணம் ஒன்று, இசைவாணர்க்குப் பெரிதும் உரியது. மன்னனின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டை, அதாவது 1014-ஐ ஒட்டிய அந்த ஆவணம், திருப்பதியம் விண்ணப்பிக்க நாற்பத்தெட்டுப் பிடாரரையும், அவர்கட்குத் துணையாக உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் அமர்த்திய செய்தியைக் கூறுகிறது. ஐம்பதின்மர்க்கும் ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல். அளவு, ஆடவல்லான் எனப் பெயர் பெற்ற மரக்காலால். பன்னிரு குறுணி ஒரு கலம் என்று கணக்கிட்டால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 91 கலம் ஆகிறது. பதிகம் பாடியவனின் பசியைக் காவிரியின் வண்டல் தீர்த்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் நெல்லின் அளவை விட வியப்புக்குரியது அதனை அடுத்து வரும் விதி. இவர்களுள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் போனாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவ்வுறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய ஒருவரை அவரே அமர்த்திப் பணி செய்விக்க வேண்டும். உறவினரே இல்லையெனில், அப்பணியிலுள்ள ஏனையோர் கூடித் தகுதியுடையாரைத் தெரிந்து இருத்த வேண்டும். காணி உரிமை குருதி வழியே செல்லலாம்; பாட்டு அவ்வாறு செல்லாது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரச ஆவணம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தத் தகுதியை அளப்பவர் யார்? அரசனோ அதிகாரியோ அல்லர், உடன் பாடுவோர். பிற்காலத்து இசைக் கல்லூரிகளின் சேர்க்கை விதி, தேர்வு விதி, ஆசிரியர் குழு ஆகிய அனைத்தின் வித்தும் அந்தக் கல்லில் இருக்கிறது.

அதே கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டு நானூறு ஆடல் மகளிரைப் பெயர் சொல்லி, எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு என்று வரிசைப்படுத்துகிறது. பங்கு ஒன்றுக்கு நூறு கலம் நெல். அவர்களோடு நட்டுவம் செய்வார், குழல் ஊதுவார் முதலியோர்க்கும் பங்கு உண்டு. ஆரியம் பாடுவார் என்றும் தமிழ் பாடுவார் என்றும் இரு பிரிவினரும் தனித்தனியே குறிக்கப்பெற்றுள்ளனர். எந்த மொழியில் பாடுவது என்று 1940-களில் எழுந்த வழக்கை அறிந்தவர் இவ்விடத்தில் சற்றே புன்னகை செய்யக்கூடும். சோழன் இருவர்க்கும் நெல் அளந்தான்.

இம்மாணாக்கர் எவ்வாறு பயின்றனர் என்பதைக் கல்வெட்டுகள் கூறவில்லை. நாயக்கர், மராட்டியர் காலங்களைக் கடந்து வரும்போதுதான் குருகுலத்தின் உருவம் தெளிவாகிறது. அங்கே விதி எழுதப்படவில்லை. எழுதப்படாததால் தளர்த்தவும் முடியவில்லை. விடியலுக்கு முன் எழுந்து அகார சாதகம் செய்தல், ஆசிரியர் வீட்டு வேலைகளைத் தாங்கல், தம்புராவைச் சுருதி சேர்த்தல், கச்சேரியில் ஆசிரியரின் பின்னமர்ந்து அவர் விட்ட இடத்தில் எடுத்தல் ஆகிய யாவும் பாடமே. எந்த நாளில் எந்தக் கீர்த்தனை என்று மாணாக்கன் கேட்பதற்கில்லை. ஆசிரியர் மனம் மலரும் பொழுதில் செவி திறந்திருக்க வேண்டும். ஆண்டு இத்தனை என்ற வரையறையும் இல்லை. 'போய்ப் பாடு' என்று ஆசிரியர் சொல்லும் நாளே பட்டமளிப்பு நாள்.

சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இராமநாடகக் கீர்த்தனைகளை இயற்றியபோது, அவற்றுக்கு இசை அமைத்தவர்கள் அவரிடம் தமிழ் கற்க வந்த சட்டநாதபுரத்து மாணாக்கர் இருவர் என்பது கவிஞர்கள் மறக்கலாகாத செய்தி. அவ்வுறவில் கவிஞர் ஆசிரியர். இசையில் மாணாக்கரே வல்லவர். கற்பிப்போன், கற்போன் என்ற கோடு எத்துணை எளிதில் இடம் மாறியது என்பதற்கு இது சான்று. பிற்காலத்துப் பாடத்திட்டம் எதிலும் இதற்கு இடமில்லை.

குருகுலத்தில் ஒழுங்குமுறையே இல்லை என்று கருதுவதும் தவறு. சரளி, சண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் என்னும் படிமுறை நெடுநாளாக நிலைபெற்றிருந்தது. தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆடற்பயிற்சிக்கு அடவு முறையையும், அரங்கேறும் வரிசையையும் ஒழுங்குபடுத்தினர். அவர்கள் முத்துசாமி தீட்சிதரின் மாணாக்கர். படிப்படியாகப் பயிற்றும் கல்லூரி முறைக்கு வேண்டிய ஏணி, கல்லூரி தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே தஞ்சையில் செய்யப்பட்டுவிட்டது. கதவுதான் திறக்கப்படவில்லை. குடிப்பிறப்பு, ஆசிரியரின் விருப்பம், இருவேளை உண்ண வசதி ஆகிய மூன்றும் கூடி வந்தவர்க்கே அந்த ஏணி எட்டியது.

இசையை வீட்டுத் திண்ணையிலிருந்து பொது அவைக்குக் கொணர்ந்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). மருத்துவராகிய அவர் 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தஞ்சையில் மாநாடுகள் கூட்டினார். சுருதிகள் எத்தனை என்ற வினாவை வித்துவான்கள் கூடிய அவையில் எழுப்பினார். 1916-இல் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய மாநாட்டிலும் தம் கொள்கையை எடுத்துரைத்தார். 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. அவர் முடிவுகளை ஏற்காதவரும் உண்டு. ஆனால், 'எங்கள் ஆசிரியர் சொன்னார்' என்பது மட்டுமே சான்றாகாது, கணக்கும் நூலும் வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அவரே விதைத்தார். அடுத்த தலைமுறையின் கல்லூரிகளில் செய்முறைத் தேர்வுக்கு அருகே இசையியல் தேர்வு வந்து அமர்ந்ததற்கு அவ்விதையும் ஒரு காரணம்.

கொள்ளிடத்தின் வடகரையில், தில்லையில் அந்தக் கதவு திறந்தது. 1920-இல் மீனாட்சி கல்லூரியை நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருப்பெற்றது. அதனோடு இசைக் கல்லூரியும் வளர்ந்தது. சென்னையிலும் ஏறத்தாழ இதே காலத்தில் முயற்சிகள் அரும்பின. மியூசிக் அகாதெமியின் இசை ஆசிரியர் கல்லூரி 1931-இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைப் பட்டயம் 1932-இலும் தோன்றின. ஆயினும் காவிரி நாட்டு மாணாக்கனுக்குத் தில்லையே அண்மையிலிருந்தது.

அங்கே வந்து அமர்ந்த ஆசிரியர்களைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். சபேசையர் மகா வைத்தியநாதையரின் மாணாக்கர். மகா வைத்தியநாதையர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரின் மாணாக்கர். அவரோ தியாகராசரிடம் கற்றவர். திருவையாற்றில் பிறந்த பட்டணம் சுப்பிரமணிய ஐயரும் மானம்புச்சாவடியாரின் மாணாக்கரே. அவரிடம் பயின்றவர் டைகர் வரதாச்சாரியார். பொன்னையா பிள்ளை தஞ்சை நால்வரின் வழித்தோன்றல். குருகுலத்தின் நேர்ச்சரடுகளே கல்லூரியின் வகுப்பறையில் வந்து முடிச்சிட்டன. தேர்வு என்ற ஒன்றை எழுதியறியாத அப்பெருமக்களே வினாத்தாள் குறித்தனர், மதிப்பெண் இட்டனர், 'சங்கீத பூஷணம்' என்ற பட்டத்துக்கு உரியவரைத் தெரிந்தனர். பின்னாளில் சென்னை மத்திய கருநாடக இசைக் கல்லூரிக்கு 1949-இல் முதல்வரான முசிரி சுப்பிரமணிய ஐயரும், திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரால் அமைந்த இசை நிலையத்துக்குத் தலைமை தாங்கிய செம்மங்குடி சீனிவாச ஐயரும் இவ்வாறே குருகுலத்திலிருந்து வந்தவர்கள். உடன் பாடுவோர் கூடித் தகுதியுடையாரைத் தெரிக என்ற கல்வெட்டு விதியே இங்கு வேறு உடையில் திரும்பியது எனலாம்.

மாணாக்கர்பால் கல்லூரி எதிர்பார்த்தவை புதியவை. குறித்த பொழுதில் வருகை, குறித்த ஆண்டுகளில் முடிவு, குறித்த உருப்படிகள், பாட்டோடு இலக்கண அறிவு. இவை எல்லாவற்றிலும் கடினமானது கடிகாரம். குருகுலத்தில் தோடியை ஒரு பருவம் முழுதும் கேட்கலாம்; கல்லூரியில் மணி அடித்ததும் அடுத்த வகுப்பு. கேள்வி ஞானம் என்று முன்னோர் சொன்னது பாட்டைக் கேட்பதை மட்டுமன்று. ஆசிரியர் பிழைப்பதையும், திருத்துவதையும், சலித்து நிறுத்துவதையும் உடனிருந்து கேட்பது. அதற்குப் பாடவேளை ஒதுக்க எந்தக் கல்லூரியாலும் இயலவில்லை. கல்லூரிப் படிப்பை முடித்தோர் பலர் மீண்டும் ஒரு வித்துவானைத் தேடிச் சென்றதன் காரணம் இதுவே. இந்த இழப்பை மறைத்துப் பேசுவது கல்லூரிக்குச் செய்யும் நன்மையாகாது.

ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. பாட்டையும் நூலையும் ஒருங்கே எதிர்பார்த்ததன் பயனை டாக்டர் எஸ். இராமநாதன் (1917–1988) ஒருவரின் வாழ்விலேயே காணலாம். அண்ணாமலையில் சங்கீத பூஷணம் பெற்ற அவர், கச்சேரிப் பாடகராகவும் ஆசிரியராகவும் விளங்கியதோடு, சிலப்பதிகாரத்தின் இசை நுணுக்கங்களை ஆராய்ந்து அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். குருகுலம் மட்டும் இருந்திருப்பின் அவர் சிறந்த பாடகராகியிருப்பார். அரங்கேற்று காதையைச் சுரத்தோடு வைத்து ஆராய்ந்திருப்பாரா என்பது ஐயமே. விபுலானந்த அடிகளும் 1931 முதல் 1933 வரை அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய யாழ்நூல் 1947-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. தமிழ்த் துறையும் இசைத் துறையும் ஒரே வளாகத்தில் அமைந்தது வீண்போகவில்லை.

எந்தப் பாடலைக் கற்பிப்பது என்ற வினா 1941-இல் வெடித்தது. அவ்வாண்டு அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடு, தமிழ்ப் பாடல்களுக்கு மேடையிலும் வகுப்பிலும் உரிய இடம் கேட்டது. சென்னையில் எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. இவ்வியக்கத்தை மேடைப் பேச்சுகளாலேயே நினைவுகூர்வது வழக்கமாகிவிட்டது. அதன் நிலைத்த பணி வகுப்பறையில்தான் நடந்தது. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர், கோபாலகிருட்டிண பாரதியார் முதலானோர் பாடல்களைச் சுரதாளக் குறிப்போடு பல்கலைக்கழகம் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. குறிப்பில்லாத பாட்டு பாடத்திட்டத்தில் ஏறாது. பாடத்திட்டத்தில் ஏறாத பாட்டு அடுத்த தலைமுறைக்கு எட்டாது. காவிரிக் கரைக் கவிஞர் பலரின் சொற்கள் இன்றும் பாடப்படுவதற்கு அத்தாள்கள் துணைநின்றன.

1946-ஆம் ஆண்டுத் தியாகராச ஆராதனையில் எம். எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டொன்றைப் பாடியது பெரும் சர்ச்சையாயிற்று. அவர் திருச்செங்காட்டங்குடியில் ஓதுவார் மரபில் தோன்றியவர்; 1942-இல் வெளிவந்த நந்தனார் படத்தால் நாடறிந்தவர். அதே தேசிகர் பின்னர் அண்ணாமலை இசைத் துறையில் பல்லாண்டுகள் ஆசிரியராக அமர்ந்தார். பிடாரரின் தொழில் வழிவந்த ஒருவர் பல்கலைக்கழக இருக்கையில் அமர்ந்து மாணாக்கரை அளந்தார் என்பதன் பொருளை வரலாற்றாசிரியர் இன்னும் முழுதாக எடுத்துரைக்கவில்லை.

மகளிர்க்கும் கல்லூரியே பொது வாயில். தியாகராசருக்குத் திருவையாற்றில் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே ஆராதனையில் பெண்கள் பாட இடமின்றி, 1920-களின் இறுதியில் தனியே ஒரு பிரிவு நடத்த நேர்ந்தது. பிரிவுகள் ஒன்றாவதற்கு 1940-களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தகுதி, கட்டணம், வயது ஆகியவற்றை மட்டும் கேட்கும் விண்ணப்பத் தாள் எத்துணை வறண்டதாயினும், அது குலத்தையும் பாலையும் தடையாகக் கொள்ளாத தாள்.

1965-இல் திருவையாற்றிலேயே அரசு இசைக் கல்லூரி அமைந்தது. தியாகராசரின் சமாதி உள்ள ஊரில், காவிரியின் ஓசை கேட்கும் தொலைவில், குரலிசையோடு கருவியிசையும் ஆடலும் பட்டயப் படிப்பாயின. 1997 முதல் தமிழகமெங்கும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. 2013-இல் இசை, கவின்கலைகளுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் சட்டத்தால் உருவாக, அரசு இசைக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அரசின் நிருவாகத்துக்கு உட்பட்டதும் அதே ஆண்டில்தான்.

மாவட்ட இசைப் பள்ளிகளின் சேர்க்கை விதி ஒன்று தனியே நோக்கத்தக்கது. வயது பன்னிரண்டு முதல் இருபத்தைந்து, பயிற்சி மூன்றாண்டு. குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். தேவாரம், நாகசுரம், தவில் ஆகிய மூன்றுக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இதனை அம்மூன்று கலைகளையும் தாழ்த்தியதாகக் கொள்வாரும் உளர். பள்ளிப் படிப்பை இடையில் விட்டுத் தவில் குச்சியைக் கையிலெடுத்த சிறுவனுக்கும் வாயில் அடைபடலாகாது என்ற கருத்தே அதில் தெரிகிறது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் கோயில் வாயில்களில் மங்கல இசை நிற்காதிருக்க அது இன்றியமையாத விதி.

இராசராசன் கல்வெட்டில் நாற்பத்தெட்டுப் பிடாரரும் ஆடவர். பலர் 'சிவன்' என முடியும் தீட்சைப் பெயர் பூண்டவர். 2021-இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் திருமுறை விண்ணப்பிக்கும் பணியில் பெண் ஓதுவார் ஒருவர் அரசால் அமர்த்தப்பெற்றார்.