நீரும் புல்லும் நெருப்பும்: கூடங்குளம் என்னும் வேளாண் ஊர்

திருநெல்வேலி என்றதும் தாமிரபரணியும் அதன் இருகரை நெல்வயல்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அம்மாவட்டத்தின் தென்கோடியில், தாமிரபரணியின் பழம்பாசனத்திற்கு வெளியே, மன்னார் வளைகுடாவை ஒட்டிய இராதாபுரம் வட்டத்தில் இருக்கிறது கூடங்குளம். அணுவுலை வந்த பின்னரே உலகம் இவ்வூரை அறிந்தது. ஆயினும் உலைக்கு முன்னரும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. உலையின் கதையையும் அவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் யாவரும் பங்காளிகள் எனும் பொருள்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. பொதுவுடைமை பற்றிய ஃபிக்ஹு விவாதங்கள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை. இம்மூன்று பொருள்களையும் ஒரே ஊரின் வரலாற்றில் வரிசையாகக் காண இயலுமெனில், அவ்வூர் கூடங்குளமே.

முதலாவது நீர். ஊர்ப்பெயரிலேயே குளம் இருக்கிறது. வற்றாத ஆறில்லாத இவ்வட்டத்தில் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கிவைக்கும் குளங்களே வேளாண்மைக்கு உயிர். கரையைக் காப்பதும், மடையை முறைவைத்துத் திறப்பதும், மறுகால் பாய்ந்த நீரை அடுத்த குளத்திற்கு விடுவதும் பலர் கூடிச் செய்ய வேண்டிய பணிகள். பிற்காலத்தில் குமரி மாவட்டத்துக் கோதையாற்றுப் பாசனத்திலிருந்து பிரியும் இராதாபுரம் கால்வாய், 52 குளங்களையும் 17,000 ஏக்கர் நிலத்தையும் நோக்கி நீரைக் கொண்டுவந்தது. 1906இல் திருவிதாங்கூர் அரசு கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை அப்பாசனத்தின் முதன்மையான தேக்கம். கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்பதே இவ்வட்டத்து உழவரின் ஆண்டுதோறுமான கவலை.

பங்கீடு முறிந்தால் என்ன நேரும் என்பதற்கு இக்கடற்கரையே சான்று. 1530களில் முத்துக்குளிப்பு உரிமை குறித்து முஸ்லிம் வணிகர்களுக்கும் பரதவர்க்கும் எழுந்த மோதலின் விளைவாகப் பரதவர் போர்த்துக்கீசியரின் காவலை நாடிக் கத்தோலிக்கம் தழுவினர். ஒரு கடலின் செல்வத்தைப் பகிர இயலாத இரு சாராருக்கிடையே மூன்றாம் வல்லரசு நுழைந்தது. நம் சமுதாயம் மறக்கலாகாத பாடம் இது.

இரண்டாவது புல். செம்மணற் பாங்கான இந்நிலம் அரசுப் பதிவேட்டில் பெரும்பாலும் மானாவாரி, தரிசு எனும் சொற்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஊராருக்கு அது ஆட்டு மேய்ச்சல். பதநீரும் கருப்பட்டியும் தரும் பனங்காடு. மழை பெய்தால் பயறு விளையும் புலம். உமர் (ரலி) அவர்கள் ‘ஹிமா’ எனப்படும் காப்பு மேய்ச்சல் நிலத்தின் காவலருக்கு இட்ட கட்டளை புகாரீயில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடையவர்களை உள்ளே விட வேண்டும். செல்வந்தர்களின் மந்தைகளுக்கு முன்னுரிமை கூடாது. செல்வந்தருக்கு மந்தை அழிந்தாலும் தோட்டமும் பயிரும் உண்டு. ஏழைக்கு அதுவே எல்லாம் என்பது அவர்கள் கூறிய காரணம். தரிசு என்று எழுதப்பட்ட நிலம் எவருக்கு வாழ்வாதாரம் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே இதன் சாரம். அணுமின் நிலையத்திற்கும், செட்டிகுளத்தில் எழுந்த அணுவிஜய் நகரியத்திற்கும் நிலம் எடுக்கப்பட்டபோது இக்கேள்விக்கு உரிய இடம் கிட்டியதாக நமக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது நெருப்பு. 1988 நவம்பர் 20 அன்று இராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட உடன்பாடு, செர்னோபில் விபத்து நிகழ்ந்து மூன்றாண்டு முடியுமுன் வந்தது. பேச்சிப்பாறை நீரையே உலைக்குக் கொண்டுவரும் முதல் திட்டத்தைக் குமரி மாவட்ட உழவர் எதிர்த்தனர். பின்னர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைந்தது. 1989 மே முதல் நாளில் மீனவர் பேரணி கன்னியாகுமரியில் நிறைவுற்றபோது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் உறங்கிய திட்டம் 1998இல் உயிர்பெற, 2002இல் கட்டுமானம் தொடங்கியது.

2011 மார்ச்சில் புகுஷிமா விபத்து நிகழ்ந்தது. 2004இல் ஆழிப்பேரலையைக் கண்ட மக்களுக்கு அச்செய்தி வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று. அவ்வாண்டே அண்டையிலுள்ள இடிந்தகரையில், தேவாலய முற்றத்தில், மீனவரும் உழவரும் தொடர் போராட்டம் தொடங்கினர். 2012 செப்டம்பர் 10 அன்று காவல்துறை நடவடிக்கையில் அது சிதறடிக்கப்பட்டது. அன்று மணப்பாட்டில் ஒரு மீனவர் சுடப்பட்டு இறந்தார். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் 15 நெறிமுறைகளுடன் உலைக்கு இசைவளித்தது. தலா 1,000 மெகாவாட் திறனுள்ள முதல் இரு உலைகளில், ஒன்று 2013இலும் மற்றது 2016இலும் மின்தொகுப்பில் இணைந்தன. மேலும் நான்கு உலைகளின் கட்டுமானம் 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் தொடங்கப்பெற்றது.

மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. அதை மறுப்பது எளிதுமன்று. ஆனால் பங்காளி என்ற சொல்லுக்கு இருபுறம் உண்டு. நெருப்பின் ஒளியில் அனைவரும் பங்காளிகள் எனில், அதன் வெம்மையிலும் அனைவரும் பங்காளிகளாதல் வேண்டும். ஒளி தொலைநகரங்களுக்கும் அச்சம் அருகிலிருக்கும் ஊருக்கும் எனப் பிரிந்தால் அது பங்காகாது. தம் காரியங்களைக் கலந்தாலோசித்து நடத்துவோரை அஷ்ஷூரா அத்தியாயம் போற்றுகிறது. நீருக்கு அருகில் வாழ்பவர், நிலத்தை இழந்தவர், உலையை நாளும் காண்பவர் ஆகியோரே அவ்வாலோசனையில் முதலில் அமர வேண்டியவர்கள். ஒரு குளத்தின் மடையைத் திறக்குமுன் ஆயக்கட்டுதாரரைக் கூட்டிக் கேட்பது நம் நாட்டு உழவர் அறிந்த முறை. அதை ஓர் அரசும் அறிந்திருத்தல் வேண்டும்.