அச்சம் பிறக்கும் முதற்காட்சி

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அச்சம் நான்கு நிலைக்களங்களில் பிறக்கும் என்றார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் அரசன் என்பன அவை. திரைப்படக் கொட்டகையில் இந்நான்கில் ஒன்றேனும் உண்டோ? வெண்டிரையும் அதன்மேல் விழும் ஒளியுமே உள்ளன. ஆயினும் நாம் நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறோம். அஞ்சத்தக்க பொருள் தோன்றுமுன்னரே அச்சம் தோன்றிவிடுகிறது. இவ்விந்தையை இந்தியப் பேசும்படத்தில் நிலைநாட்டிய பெருமை, 1949ஆம் ஆண்டில் பம்பாய் டாக்கீஸார் வெளியிட்ட 'மஹல்' என்னும் இந்திப் படத்துக்கு உரியது.

இக்கலையின் வேர் ஜெர்மனியில் உள்ளது. 1920இல் வந்த 'காலிகாரி', 1922இல் முர்னோ இயக்கிய 'நொஸ்பெராட்டு' ஆகிய ஊமைப் படங்கள், நிழலையே ஒரு பாத்திரமாக்கின. மாடிப்படியில் ஏறும் பேயுருவை முர்னோ நேரே காட்டவில்லை. சுவரில் ஊர்ந்து செல்லும் நிழலை மட்டுமே காட்டினார்.

அக்காலத்து ஜெர்மனியில் தொழில் பயின்றவர் ஜோசப் விர்ஷிங் என்னும் மியூனிக் நகரத்து ஒளிப்பதிவாளர். புத்தர்பிரான் வரலாற்றைக் கூறும் 'ஆசிய ஜோதி' என்னும் 1925ஆம் ஆண்டுப் படத்துக்காக அவர் முதன்முதல் இந்தியா வந்தார். 1934இல் இமான்ஷு ராயும் தேவிகா ராணியும் மாலாடில் பம்பாய் டாக்கீஸை நிறுவியபோது, அதன் காமிரா அவர் கைக்கு வந்தது. 1939இல் போர் மூண்டதும், ஜெர்மானியர் என்பதால் ஆங்கில அரசு அவரை முகாமில் அடைத்தது. போர் முடிந்து அவர் மீண்டும் காமிராவைத் தொட்ட ஆண்டுகளில் பிறந்ததே 'மஹல்'. இயக்குநர் கமால் அம்ரோஹிக்கு அதுவே முதற்படம்.

படத்தின் தொடக்கத்தைக் கருதுவோம். பிரயாகையில் பாழடைந்து கிடக்கும் ஒரு மாளிகை. அதன் புதிய உரிமையாளன் அங்கே இரவில் தங்க வருகிறான். முன்னாளில் அங்கு வாழ்ந்தவன் படகு மூழ்கி மாண்டதையும், அவனுக்காகக் காத்திருந்த காமினி சின்னாட்களில் உயிர்நீத்ததையும் முதிய தோட்டக்காரன் உரைக்கிறான். பின்னர்ச் சுவரிலிருந்து ஓவியம் ஒன்று வீழ்கிறது. அதிலுள்ள முகம் வந்தவனின் முகமே! எங்கிருந்தோ ஒரு பெண்குரல் எழுகிறது. அவன் அதைத் தேடிச் செல்கிறான்.

இங்கே காமிரா செய்யும் தொழில் மூன்று. முதலாவது, பரந்த கூடத்தில் மனிதனைச் சிறியவனாகக் காட்டுவது. எஞ்சிய இருளில் யார் நிற்கிறாரோ என நம் கண் தானே தேடத் தொடங்கும். இரண்டாவது, அவன் முகத்தை முன்னரும், அவன் கண்ட பொருளைப் பின்னரும் காட்டுவது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நொடியிலேதான் அச்சம் குடியிருக்கிறது. மூன்றாவது, தாமதம். பாடுபவள் அருகில் வருவதில்லை; தோட்டத்து ஊஞ்சலில் எட்டாத் தொலைவில் காணப்படுகிறாள்.

காமிராவுக்கு இசைந்தே ஒலியும் அமைந்தது. பாடிய லதா மங்கேஷ்கர், ஒலிவாங்கிக்குத் தொலைவில் நின்று தொடங்கி, பாடியவாறே அதனை நோக்கி நடந்து வந்தார். அதனால் குரலும் நம்மை நோக்கி நடந்து வருகிறது. இசைத்தட்டில் பாடகியின் பெயர் முதலில் 'காமினி' என்றே அச்சாகியிருந்தது என்பது சுவையான செய்தி.

இத்தனைக்கும் இப்படத்தில் பேயே இல்லை! காமினியாகத் தோன்றியவள் தோட்டக்காரனின் மகளே எனப் பின்னர் விளங்குகிறது. பேயின்றியே அச்சம் விளைத்தது காமிராவின் திறம்.

அவ்வழியில் 1964இல் ராஜ் கோஸ்லா இயக்கிய 'வோ கௌன் தீ' வந்தது. மழையிரவில் காரோட்டி வரும் மருத்துவர் எதிரே வெண்புடவைப் பெண்ணொருத்தி நிற்கிறாள். அவள் ஏறியமர்ந்ததும் கண்ணாடியிலுள்ள நீரைத் துடைக்கும் வைப்பர் நின்றுவிடுகிறது. வழி மறைந்தது, இனி அவள் சொல்வதே வழி. கார் சென்று நிற்குமிடமோ இடுகாடு! அதன் கதவு தானே திறக்கிறது. அங்கும் பேயில்லை. இக்கதையே 1966இல் 'யார் நீ?' எனத் தமிழில் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிக்க வெளிவந்தது.

'மஹலை' ஆக்கியோரை எண்ணிப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் மியூனிக்கினர், இயக்குநர் அம்ரோஹா ஊரினர், இசையமைத்த கேம்சந்த் பிரகாஷ் ராஜஸ்தானத்தார், படத்தைத் தொகுத்த பிமல் ராய் வங்கத்தினர். யாவரும் தொழில் நாடி வேற்றூரிலிருந்து பம்பாய் வந்தவர்கள். வந்தேறிய ஊரில் வாழும் நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இன்று கோர முகங்களும் செவியைத் துளைக்கும் ஓசையும் முதற்காட்சியிலேயே திரையை நிறைக்கின்றன. அவை நம்மைத் திடுக்கிடச் செய்யும், மறுகணமே மறந்துபோகும். நம் சங்கத்து இளைஞர்களில் குறும்படம் எடுக்க முனைவோர் 'மஹலின்' முதற்பகுதியை ஒருமுறை ஒலியின்றியும், ஒருமுறை ஒலியோடும் காண்பாராக. எதைக் காட்டாமல் விடவேண்டும், எவ்வளவு நேரம் விடவேண்டும் என்பதை அவ்விருமுறையும் அவர்களுக்குக் கற்பிக்கும்.